நடுவில் நிற்பவர் யார்?

காரைக்கால்மேட்டில் விசைப்படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் வேண்டிய வயர்லெஸ் பெட்டிகளையும், ஜி.பி.எஸ். கருவிகளையும், அடிக்கடலில் மீன் கூட்டம் நிற்பதைக் காட்டும் எக்கோ சவுண்டர்களையும் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட ஒருவனுக்கு, யந்திரங்களின்மேல் மதிப்பும் அவற்றை ஆள்கிறவர்களின்மேல் சந்தேகமும் ஒருங்கே வளர்ந்துவிடுகின்றன. உப்புக்காற்றில் சர்க்யூட் பலகை பச்சை பூத்துப் போகிறது. ஏரியல் கம்பியின் இணைப்பில் நீர் இறங்கிச் செம்பைத் தின்றுவிடுகிறது. பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி படிகிறது. பழுது தேடுகிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை, பேசுகிறவன் வாய்க்கும் கேட்கிறவன் காதுக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாக நிறுத்திப் பார்ப்பதுதான். மைக், பெட்டி, கம்பி, ஏரியல், ஆகாயம், அப்பால் மறுபடியும் ஏரியல், கம்பி, பெட்டி, ஸ்பீக்கர். குற்றம் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும். இந்தப் பழக்கமே நாளடைவில் என் உலக அபிப்பிராயமாகவும் படிந்துவிட்டது. இணையச் சுதந்திரத்தைப் பற்றி எவர் பேசினாலும், அந்தப் பேச்சு போய்ச் சேரும் வழியில் நடுவே நிற்பவர் யார், அவர் கையில் எந்தச் சுவிட்ச் இருக்கிறது என்றே என் மனம் முதலில் தேடுகிறது.

வி.எச்.எஃப். வயர்லெஸ் பெட்டியின் வழியில் நடுவே நிற்பவர் ஒருவரும் இல்லை. 156.8 மெகாஹெர்ட்ஸில் அமைந்த 16ஆம் சேனல் ஆபத்துக் காலத்துக்கென உலகம் முழுவதும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 25 வாட் சக்தியும் ஓரளவு உயர்ந்த ஏரியலும் இருந்தால், ஏறக்குறைய 20 கடல் மைல் தூரத்துக்குள் இருக்கும் எந்தப் படகும், அதன் கொடி எந்த நாட்டுடையதாயினும், அந்தக் குரலைக் கேட்கும். சர்க்கார் அலைவரிசையைப் பங்கிட்டுத் தருகிறது, பெட்டிக்கு உரிமம் கேட்கிறது. ஆனால் வாயிலிருந்து புறப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் அனுமதி கேட்பதில்லை. பேசுவதை எல்லாரும் கேட்கிறார்கள் என்பது அதன் குறை என்றாலும், எல்லாருக்கும் தெரிந்த குறையாதலால் அதற்கேற்றபடி பேசிக்கொள்ள எங்கள் ஜனங்களுக்குத் தெரியும்.

ஜி.பி.எஸ். விஷயம் வேறு. நாகூர் மினாராவையும் கரையிலுள்ள பனந்தோப்பையும் ஒன்றுக்கொன்று நேராகப் பிடித்து, கடலுக்கடியில் இருக்கும் பாரைக் கண்டுபிடித்த தகப்பன்மாரின் பிள்ளைகள், இன்று அதே பாரை இரண்டு எண்களாகக் கருவிக்குள் பதிந்து வைத்திருக்கிறார்கள். ‘பாயிண்ட்’ என்று அதற்குப் பெயர். படகை நடத்திச் செல்லும் ஸ்ராங்கின் ஆஸ்தி அவருடைய வலையிலோ இஞ்சினிலோ இருப்பதைவிட அந்தப் பாயிண்ட்டுகளில்தான் அதிகம் இருக்கிறது. பெட்டியை என்னிடம் கொடுக்கும்போது, “பாயிண்ட்டெல்லாம் பத்திரம்ண்ணே, வேற ஆளுக்குப் போயிடக் கூடாது” என்று சொல்லாதவர் இல்லை. கெட்டுப்போன கருவியிலிருந்து புதியதற்கு அவற்றை மாற்றிக் கொடுத்தவுடன், என் கணினியில் உள்ள பிரதியை அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவது என் தொழிலின் முதல் தர்மம். ஆயினும் அந்த எண்களைத் தருகிற செயற்கைக்கோள்கள் எவருடையவை? 2000ஆம் ஆண்டு மே மாதம் வரையில், பொதுஜனங்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. நூறு மீட்டர் வரையில் தவறக்கூடியதாக இருந்த அந்தக் கணக்கு, ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவு ஒன்றினால் ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குச் சுருங்கியது. சிறிய பாரைத் தேடிப் போகும் படகுக்கு அது வலை கிழிவதற்கும் மீன் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம். வங்கக் கடலில் ஒரு படகின் பிழைப்பு வாஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையெழுத்தைச் சார்ந்திருந்தது என்பதை, இது நன்மையாகவே முடிந்த செய்தி என்பதனால் நாம் மறந்துவிடலாகாது.

இப்படிச் சந்தேகப்படுகிறவன் இணையத்தையே வெறுக்கிறான் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் மகிமையை எங்கள் புதுச்சேரிப் பிரதேசத்து மீனவக் கிராமங்கள் தேசத்துக்கே முன்னதாக அனுபவித்திருக்கின்றன. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியபோது, வில்லியனூரில் இருந்த தலைமை மையத்தார், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை எடுத்து, வயர்லெஸ் இணைப்பு வழியாக வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே அது தமிழில் ஒலிபெருக்கி மூலம் கரை முழுவதும் கேட்கும்படி வாசிக்கப்பட்டது. இன்று அலை எவ்வளவு எழும்பும் என்பதைக் கட்டுமரம் தள்ளுவதற்கு முன்பே மீனவர் கேட்டறிந்தார். கம்பித் தொலைபேசி சரியாக எட்டாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோக்களையே கொண்டு செய்தி அனுப்பிய அந்த ஏற்பாட்டை, என் தொழிலைச் சேர்ந்த எவரும் வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் நான் அதைவிட அதிகமாக வியப்பது வேறொன்றை. எந்த மீனவரையும் அறியாத ஒரு அந்நிய ராணுவத்தின் பக்கத்தை, அந்த ராணுவத்திடமும் அனுமதி கேளாமல், நடுவில் உள்ள எந்தத் தொலைபேசிக் கம்பெனியிடமும் அனுமதி கேளாமல், வில்லியனூரில் உட்கார்ந்திருந்த ஓர் ஊழியர் திறந்து படிக்க முடிந்தது. கடற்படை அதை வீராம்பட்டினத்துக்காக வெளியிடவில்லை. வீராம்பட்டினத்துக்கு அது பயன்படும் என்று கண்டுகொண்டவர்கள் வீராம்பட்டினத்துக்கு அருகில் இருந்தவர்களே.

2004 டிசம்பர் 26ஆம் தேதிக் காலையில் இந்த ஏற்பாட்டின் மற்றொரு துண்டு உயிர்களைக் காத்தது. சிங்கப்பூரில் வேலை செய்துவந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேச, ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியைக் கொண்டு எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள். காரைக்கால்மேட்டுக்கும் பட்டினச்சேரிக்கும் அந்தக் காலை என்ன செய்தது என்பதை இங்கே நான் எழுத வேண்டியதில்லை. ஒரு சாதாரணத் தொலைபேசி, ஓர் ஆம்பிளிஃபையர், சில ஹாரன்கள், அவற்றின் சாவியை எடுக்கவோ பூட்டை உடைக்கவோ ஊராருக்கு இருந்த உரிமை ஆகியவையே அன்று போதுமானவையாக இருந்தன.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டே நான் 2015ஆம் ஆண்டின் விவகாரத்தைப் பார்த்தேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, ஏழைகளுக்குக் கட்டணமில்லா இணையம் என்று ஒரு திட்டத்தைச் சில தொலைத்தொடர்பு வட்டங்களில் ஆரம்பித்தது. தமிழ்நாடு வட்டமும் அதில் ஒன்று. காரைக்காலும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். பிற்பாடு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றம் பெற்ற அதன் உள்ளடக்கம் என்னவென்றால், அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட சில இணையதளங்கள் மாத்திரம் இலவசம். மற்ற உலகம் காசுக்கு. பட்டியலில் வானிலையும் இருந்தது, வேலைவாய்ப்பும் இருந்தது, தர்ம சிந்தனை உள்ளவர்கள் ஆட்சேபிக்க முடியாத பல விஷயங்கள் இருந்தன. “காசில்லாதவனுக்கு ஏதோ கொஞ்சமாவது கிடைக்கட்டுமே, இதை ஏன் எதிர்க்கிறீர்கள்?” என்று நல்ல மனிதர்களே கேட்டார்கள். கௌரவமான கேள்விதான். ஆனால் 1998இல் வில்லியனூருக்குக் கிடைத்த வலை இப்படிப் பட்டியல் போட்ட வலையாக இருந்திருந்தால், அமெரிக்கக் கடற்படையின் அலைக் கணிப்புப் பக்கம் அந்தப் பட்டியலில் இருந்திருக்குமா? எந்தக் கம்பெனியின் எந்த அதிகாரிக்கு வீராம்பட்டினத்துக் கட்டுமரம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்? ஏழைக்கு எது தேவை என்பதை ஏழை தேடிக் கண்டுபிடிக்கும் உரிமையே இணையத்தின் சாரம். அதை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு பொட்டலத்தைக் கொடுப்பது, கொடுப்பவரின் மனம் எவ்வளவு நல்லதாயினும், தானமாகாது.

அந்த ஆண்டு ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய ட்ராயைச் சென்றடைந்தன. மறு தரப்பார் முழுப் பக்க விளம்பரங்களால் பத்திரிகைகளை நிறைத்தார்கள். 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பேதம் காட்டலாகாது என்றும், மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் ட்ராய் விதி செய்தது. இந்த நாட்டில் பொதுஜனங்கள் மகா பலம் பொருந்திய ஒரு கம்பெனியை வாதத்தினாலேயே நிறுத்திய சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வழியைப் பிடித்துக்கொண்டால் வாயைக் கட்ட வேண்டியதில்லை என்ற உண்மை எங்கள் பிரதேசத்துக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததும் ‘இந்தியா’ பத்திரிகையும் அங்கிருந்து வெளிவரலாயிற்று. அச்சுக்கூடம் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததனால் ஆங்கில சர்க்காரால் அதைத் தொட இயலவில்லை; எழுதத் தடையில்லை, அச்சடிக்கத் தடையில்லை. ஆனால் வாசகர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். அங்கே பத்திரிகை நுழையலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. 1910இல் பத்திரிகை நின்றுபோயிற்று. இன்று ஒருவர் என்ன வேண்டுமானாலும் எழுதிப் பதிவேற்றலாம் என்று தொழில்நுட்பக் கம்பெனிகள் சொல்லும்போது எனக்கு அந்தப் பத்திரிகைதான் நினைவுக்கு வருகிறது. எழுதியது யார் கண்ணில் படும், எத்தனை பேருக்குக் காட்டப்படும் என்பதை நிர்ணயிக்கும் கணக்கு அவர்களிடமே இருக்கிறது.

சர்க்காரும் சும்மா இருந்ததில்லை. 2012 அக்டோபரில் புதுச்சேரி வியாபாரி ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவருடைய புதல்வரைப் பற்றி ட்விட்டரில் எழுதிய சில வரிகளுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தி பரவாமல் தடுப்பதற்காக என்று சொன்னார்கள். மூன்றும் கடற்கரை மாவட்டங்கள். வானிலையையும் மீன் விலையையும் கைபேசியில் பார்க்கப் பழகிவிட்ட ஜனங்களுக்கு அந்த நாட்களில் வதந்தியோடு செய்தியும் நின்றுபோயிற்று.

தனியார் கம்பெனி தானாகவே விழுந்துபோவதும் உண்டு. 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, பராமரிப்புக்காக இடப்பட்ட ஒரு கட்டளையினால் ஃபேஸ்புக்கின் உள் வலையமைப்பு துண்டிக்கப்பட்டு, உலகத்தின் மற்றப் பகுதிகள் அதன் முகவரியையே கண்டுபிடிக்க முடியாமல் போனதில், வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணமாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியதால், குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனம் தன் சொந்த மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. சில நாட்களில் சேவை திரும்பக் கிடைத்தது. பெரிய ஆலைக்கே இந்தக் கதி என்றால் ஒரு ஃபைபர் படகுக்கு வக்கீல் வைக்கச் சக்தி ஏது?

என் மேஜைக்கு வரும் கருவிகளிலும் இந்த ஆதிக்கம் இறங்கிவிட்டது. முன்பு ஒரு பெட்டியைத் திறந்தால் டிரான்சிஸ்டர் எது, ரிலே எது என்று கண்ணுக்குத் தெரியும். சால்டரிங் இரும்பும் மீட்டரும் பொறுமையும் இருந்தால் போதும். இப்போது ஒரு கம்பெனியின் வரைபடக் கருவியில் திரையை மாற்றினால், புதிய திரையைத் தன்னுடையதென்று கம்பெனியின் சர்வர் அங்கீகரித்தாலன்றி அது வெளிச்சம் காட்டுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய படகுக்காரரும், கையால் பழுது நீக்கிய நானும் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கோ உள்ள ஒரு யந்திரம் சம்மதம் தர வேண்டியிருக்கிறது. பழுது பார்க்கும் உரிமை என்பது என் பிழைப்பைப் பற்றிய விஷயம் மாத்திரம் அன்று. நடுக்கடலில் கருவி நின்றால் அதைத் திறக்கத் தெரிந்தவன் படகிலேயே இருக்க வேண்டும், திறக்க அது இடம் கொடுக்கவும் வேண்டும்.

இப்போது எங்கள் கரையில் எல்லாரும் பேசுவது டிரான்ஸ்பாண்டரைப் பற்றி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியே இல்லாமல் போனதும், திரும்பாதவர்களின் பெயர்களைக் கரையில் வாசித்ததும் எவரும் மறக்கவில்லை. அதன் பிறகு வந்த ஏற்பாடுகளின் முதிர்ச்சியாக, இஸ்ரோ வடிவமைத்த கருவியை ஒரு லட்சம் படகுகளில் 364 கோடி ரூபாய்ச் செலவில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாகக் கரையிலிருந்து எச்சரிக்கை வரும். படகிலிருந்து ஆபத்துச் செய்தி போகும். கடல் எல்லையை நெருங்கினால் சொல்லும். படகுக்காரருக்குச் செலவில்லை. இதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எவர் கேட்டாலும் பொருத்திக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

ஆயினும் அந்தக் கருவி படகு போன தடம் முழுவதையும் கரைக்குச் சொல்கிறது. பரம்பரையாகக் காத்த பாயிண்ட்டுகள் எவை என்பதை அந்தத் தடத்தைப் பார்க்கிறவர் எளிதில் ஊகித்துவிடலாம். அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், வேறு எந்தத் துறைக்கு அல்லது கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்பது படகுக்காரருக்குச் சொல்லப்பட வேண்டும். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் எங்கள் படகுகள் மிதக்கின்றன.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே காரைக்கால் மீனவர்கள்மேல் இலங்கைக் கடற்படையினர் சுட்டதில் சிலர் காயமுற்றார்கள். எல்லையைத் தாண்டினார்கள் என்பது ஒரு தரப்பு, இல்லை என்பது மறு தரப்பு. ஒவ்வொரு கைதிலும் இந்த வாதமே நடக்கிறது. படகு எந்த நிமிஷத்தில் எங்கே நின்றது என்பதற்கு டிரான்ஸ்பாண்டரின் தடத்தைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அந்தச் சாட்சி துறையின் கணினியில் மாத்திரம் இருந்து, சிறையில் இருப்பவர் மனைவி கேட்டால் கொடுக்கப்படாது என்றால், தன் பிரயாணத்தின் கணக்கே தனக்கு எதிராக மட்டும் பயன்படக்கூடிய நிலை மீனவருக்கு உண்டாகும். ஆகையால் அதே தடத்தின் முழுப் பிரதியொன்று படகிலேயே பதிவாக வேண்டும், அதை மீனவரே திறந்து பார்க்கவும் நகலெடுக்கவும் கூடியதாக இருக்க வேண்டும். யந்திர நுட்பத்தில் இது கடினமான காரியமே அல்ல. ஒரு சிறிய நினைவக அட்டை போதும். ஊர்ப் பஞ்சாயத்தார் மீன்வளத் துறைக்குக் கொடுக்கும் மனுவில் இதைச் சேர்க்க வேண்டுமென்று, எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற படத்துடன் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன்.