அம்மம்மாவைக் கூட்டிவரப் போன கதை

வெள்ளி இரவு வெள்ளவத்தையில பஸ் ஏறேக்க அம்மா போனில சொன்னது ஒண்டே ஒண்டுதான். "இந்த முறை அம்மம்மா இல்லாமல் வராத."

போன மாசம் கிணத்தடியில வழுக்கி விழுந்தவ. நல்ல காலம், எலும்பு ஒண்டும் முறியேல்ல. ஆனா நெடுந்தீவில பெரிய வருத்தமெண்டா யாழ்ப்பாணம்தான் போகோணும், அதுக்கு முதல் கடலைத் தாண்டோணும். அம்மாவின்ர பயம் நியாயமானதுதான்.

கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். பிறகு பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான். அங்க இறங்கிற சனத்தில முக்கால்வாசி நயினாதீவுக்கு. எங்கட போட்டில காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, ஒரு மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறின பிறகுதான் மனுசர். ஒபிஸில 'வீக்கெண்ட் குரூஸ்' எண்டு பீலா விட்டிட்டு வந்த எனக்குக் கிடைச்ச இடம் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில. சோளகக் காத்து வேற. ஒரு மணித்தியாலப் பயணத்தில பாதியிலயே சத்தி. பக்கத்தில இருந்த அக்கா ஒரு தேசிக்காயை நீட்டி, "மணந்து கொண்டிருங்கோ தம்பி" எண்டா. மானம் போச்சு :)

அம்மம்மா படலையில நிண்டா. சாப்பாடெல்லாம் முடியட்டும் எண்டு பாத்திருந்து, மெல்லக் கதையைத் துவங்கினன். "என்னோட வாங்கோவன் அம்மம்மா."

"நான் வரேல்ல மோனை."

1985 மே 15, குமுதினிப் படகில போன சனத்தை நடுக்கடலில மறிச்சு வெட்டிக் கொண்டவங்கள். நான் பிறக்கிறதுக்குக் கனகாலம் முந்தி. ஆனா எங்கட வீட்டில எல்லாருக்கும் அந்தத் தேதி பாடம். போட்டில ஏற அம்மம்மா பின்னடிக்கிறது அதாலதான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக் கொண்டிருந்தனான். கேட்டும் விட்டன்.

சிரிச்சா. "அதுக்குப் பிறகும் குமுதினியிலதானே எல்லாரும் போய் வந்தனாங்கள். கடலுக்கு என்ன பயம்? வந்தா நீங்கள் திருப்பி அனுப்ப மாட்டியள். அதுதான் பயம்."

எனக்குப் பதில் வரேல்ல. ஏனெண்டா அம்மாவின்ர திட்டம் அச்சொட்டா அதுதான்! ரூமுக்கு பெயின்ற் கூட அடிச்சாச்சு.

கொஞ்ச நேரத்தால அம்மம்மாவே, "உனக்கு ஏதும் செய்யோணுமெண்டா கிணத்தடிக்கு ஒரு கைபிடி போட்டுத் தா" எண்டா. பின்னேரம் முழுக்க பைப் தேடி அலைஞ்சன். எஞ்சினியர் எண்டுதான் பேர், சீமெந்து குழைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு மாமா ரெண்டு தரம் பேசிப்போட்டு, தானே குழைச்சுப் பூசினார். நான் பைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

ஞாயிறு மத்தியானப் போட். கையில புழுக்கொடியல் பை. "இறுகிறதுக்குள்ள பிடிச்சு ஆட்டிப் பாக்காதேங்கோ" எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டு ஏறினன்.

குறிகட்டுவானில இறங்க அம்மாவின்ர கோல்.

"அம்மம்மா பக்கத்தில நிக்கிறாவோ?"

"இல்லை. கைபிடி பூட்டியாச்சு."

"என்னத்தைப் பூட்டினது?!"

பஸ் வெளிக்கிட்டிட்டுது, பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன். பஸ் இன்னும் வரவேயில்லை.