பிரான்சு நாட்டில் ஒரு பழைய மனை

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்றனர் நம் முன்னோர். பிறர் கட்டிய வீட்டை, அதுவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டார் கட்டிய வீட்டை, வாங்கிப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லாது விட்ட காரணத்தை, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விடுப்பெடுத்துப் பாரிசு நகருக்குச் சென்றிருந்தபோது நாம் அறிந்துகொண்டோம்.

எம் பெரியதாயாரின் மைந்தர் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்நகரின் உணவுச்சாலை அடுக்களைகளில் உழைத்தவர். லா சப்பலுக்கு அண்மையில் சிறியதோர் அடுக்குமாடி வீட்டிலே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அண்ணர் எம்மை அழைத்தது ஊர் காட்டுவதற்கென்றே எண்ணியிருந்தோம். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே அவர் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மஞ்சட் கல்லாலான நீண்ட வீடு. அதன் முன்னே நீச்சல் தடாகம். சற்று அப்பால் விருந்தினர் மனை.

“தம்பி, இதை வாங்கப் போறன். நீ படிச்சனி. வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லு.”

படித்தவர் என்ற பெயரால் வரும் இடர்களுள் இதுவும் ஒன்று.

பாரிசிலிருந்து போர்தோ நகருக்கு விரைவு வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து பேர்ஜராக் என்னும் ஊருக்கு மெல்ல ஊர்ந்து செல்லும் மற்றொரு வண்டி. தோர்தோஞ் ஆறு பாயும் அந்நாடு திராட்சைக்குப் பேர்போனது. முன்னாளிற் புகையிலைக்கும் அவ்வாறே. பேர்ஜராக்கிலே புகையிலைக்கெனவே ஓர் அரும்பொருட்சாலை உண்டு. ‘விருந்தினர் மனை’ என்று விளம்பரத்திற் கண்டது, அருகிற் சென்று நோக்கியபோது, புகையிலை உலர்த்திய பழைய மரக்கொட்டகையாயிருந்தது. வலிகாமத்திற் பிறந்த எம்மிருவருக்கும் அதனை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய வீட்டின் சுவர்கள் இரண்டு முழத்துக்குக் குறையாத தடிப்புடையவை. மேற்குப் புறத்தில் இரு யன்னல்கள் கல்லால் அடைக்கப்பட்டிருந்தன. 1798 முதல் 1926 வரை அந்நாட்டிலே கதவுக்கும் யன்னலுக்கும் வரி அறவிட்டார்கள். வரிக்கு அஞ்சி வெளிச்சத்தையே அடைத்துக்கொண்டவர்கள் பலர். இவ்வீட்டாரும் அவருட் சேர்ந்தவர் போலும்.

வீட்டுக்காரி எண்பது வயதைக் கடந்த அம்மையார். கணவர் ஓய்வு பெற்ற பின் இருவருமாகத் திருத்திய வீடு அது. கொட்டகையை விருந்தினர் மனையாக்கியது பிள்ளைகளும் பேரர்களும் கோடையில் வந்து தங்குவதற்காம். தடாகம் வெட்டியதும் அதற்காகவே. சில ஆண்டுகள் வந்தார்களாம். இப்போது விரிப்புகள் மடித்தபடியே அலுமாரியில் இருந்தன. தடாகத்தின் மேல் மங்கிப்போன பச்சைப் போர்வை கிடந்தது. அண்ணியார் கொட்டகையுட் சென்று கட்டில்களை எண்ணினார். எட்டு.

“இதிலை ஆர் வந்து படுக்கிறது?” என்று மெல்லக் கேட்டார். அண்ணர் கேளாதவர் போல உத்தரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரிசுக்கு மீண்டதும் தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். அங்கே நொத்தாரிசு என்பவர் அரசினால் நியமிக்கப்பட்டவர். பழைய வீடாயின் அரச வரியும் அவர் கூலியுமாக விலையில் நூற்றுக்கு ஏழு எட்டு வீதம் மேலதிகமாகும். அண்ணர் அதைக் கணக்கிற் சேர்க்கவேயில்லை. கறையான், ஈயப் பூச்சு, மின்கம்பி, வெப்பம் காக்கும் திறன் என ஒவ்வொன்றுக்கும் விற்பவர் அறிக்கை தரவேண்டும். மலக்குழி விதிக்கு அமையாதது என்று ஓர் அறிக்கை கூறிற்று. வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைத் திருத்தியாதல் வேண்டும். ஐந்நூறு மீற்றருக்குள்ளே பாதுகாக்கப்பட்ட பழைய தேவாலயம் ஒன்று இருந்தமையால், யன்னற் பலகைக்கு வேறு நிறம் பூசவும் அரசின் கட்டடக் கலைஞரைக் கேட்க நேரும்.

தடாகத்தின் கதை தனிக் கதை. எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம். 48,000 லீற்றர் நீர் கொள்ளும். 2022ஆம் ஆண்டு வறட்சியிற் பல மாவட்டங்களிலே தடாகம் நிரப்புதலைத் தடுத்துவிட்டார்கள். குழந்தைகள் வீழ்ந்து இறவாதபடி வேலி, எச்சரிக்கை மணி, உறுதியான மூடி, கூடாரம் ஆகிய நான்கினுள் ஒன்று இருத்தல் வேண்டுமென்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். நாம் கண்ட பச்சைப் போர்வை இவற்றுள் எதுவுமன்று. வரிக்கும் தப்ப முடியாது. வானிலிருந்து எடுத்த படங்களைக் கணினியால் ஆராய்ந்து, பதியாத தடாகங்கள் 20,000க்கு மேல் ஒன்பது மாவட்டங்களில் உள்ளன என்று 2022இல் வரித் திணைக்களத்தார் கண்டுபிடித்தனர்.

கிராமத்து நிலம் விற்பனைக்கு வந்தால் அதனை முந்தி வாங்கும் உரிமையுள்ள அமைப்பொன்றும் அங்குண்டு. அதற்கு அறிவித்து, இரண்டு மாதம் வரை காத்திருக்க வேண்டும். பங்காளிக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்த நம் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தார்கள். பிரான்சிலும் அப்படியொரு வழக்கைக் கண்டபோது எமக்குச் சிறிது மகிழ்ச்சியே உண்டாயிற்று.

ஆயினும் எம் வார்த்தை ‘வேண்டாம்’ என்பதே. ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் அதிற் போய்விடும். பிள்ளைகளோ நத்தாருக்கு வரப் பார்க்கிறோம் என்கிறார்கள். அறைகளை வாடகைக்கு விடலாமே என்றார் அண்ணர். விடலாம், ஐந்து அறைக்கும் பதினைந்து பேருக்கும் மேற்படாமல், காலையுணவும் கொடுத்து நடத்தலாம். அடுக்களையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவர் மீண்டும் பிறருக்குச் சமைப்பதா என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டு முற்பணமும் கட்டினார்.

அவ்வாறு ஒப்பமிட்ட பின்னும், வாங்குபவர் பத்து நாளைக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. விற்பவருக்கு அவ்வுரிமை இல்லை. விலகற் கடிதத்தை நாமே எழுதுவித்து மேசை மேல் வைத்தோம். ஒன்பதாம் நாள் இரவு அண்ணர் அதனை எடுத்து வாசித்தார்.

“தம்பி, வீட்டுக்குப் பின்னாலை ஒரு கிணறு இருந்ததே, பார்த்தனியே?”

நாம் பார்க்கவில்லை. கல்லாற் கட்டிய கிணறாம், இரும்பு மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாராம், தண்ணீர் தெளிவாம். 1990இல் எம்மூரார் இடம்பெயர்ந்தபோது பெரியம்மாவின் வீட்டுக் கிணற்றடியில் அவர் வைத்த வாழைகள் குலை தள்ளியிருந்தன என்று வெளிநாட்டிலிருந்தே கேள்விப்பட்டவர் அவர். காணி மீண்டும் கைக்கு வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை; கிணறு மாத்திரம் இருந்தது. அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியவர் நாமே.

கடிதத்தை அவர் அனுப்பவில்லை. நாமும் மேலே பேசவில்லை.

டிசம்பரில் உறுதி முடிந்தது. தடாகம் இன்னும் போர்வைக்குள்ளேதான் இருக்கிறது. மலக்குழிக்குப் பணம் சேர்ந்த பின்னரே அதனைத் தொடுவாராம். வீட்டுக் கிணறுகளையும் கிராமசபையிலே பதியவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு முதல் அங்கு விதி. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து நல்ல கப்பி ஒன்று அனுப்பவும் கேட்டிருந்தார். விசாரித்தோம், கப்பியின் விலையிலும் அஞ்சற் கூலி பன்மடங்கு.

கடிதத்தின் அடியில் அண்ணியார் ஒரு வரி சேர்த்திருந்தார்: “தபாலிலை அனுப்ப வேண்டாம். கொண்டு வாங்கோ. கட்டில் எட்டும் சும்மா கிடக்குது.”