திடலில் கண்ட மாணவன்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் கலைந்த பின்னும் வீடு திரும்ப மனம் வராத ஆசிரியர்கள் சிலர் எந்தப் பள்ளியிலும் இருப்பர். 1980களின் தொடக்கத்தில், ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒருவரும் அத்தகையவரே. மாலை ஐந்து மணிக்குக் கழுத்தில் ஊதலும் கையில் பந்துமாக அவர் தோட்டத்துத் திடலுக்கு வந்துவிடுவார். காற்பந்தில் அவருக்குப் பெரும் தேர்ச்சி ஏதும் கிடையாது. புறப்பாட நடவடிக்கைகளைப் பங்கிட்டபோது, எவரும் கேளாமல் எஞ்சி நின்ற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது, அவ்வளவே.

மலேசியர்கள் காற்பந்தை மூச்சாகக் கொண்டிருந்த காலம் அது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என வென்ற ஆட்டத்தைக் காணாதவர்களும் கண்டவர்போல் பேசினர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், புறக்கணிப்பால் நாடு போகாமல் நின்ற ஏக்கம் இன்னும் ஆறவில்லை. தேசியக் குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகமோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உறவினர் போலவே ஆகிவிட்டார். அத்தனை சிறுவர்களும் ஆறுமுகமாகவே விரும்பினர். எல்லாரும் கோல் கம்பங்களுக்கிடையே நின்றுகொண்டால் பந்தை உதைப்பவன் யார்? ஆசிரியர் சந்தித்த முதற் சிக்கல் இதுதான்.

அடுத்த சிக்கல் பந்து. பட்டணத்தில் தம் சொந்தப் பணத்தில் அவர் வாங்கி வந்தது பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் அளவுப் பந்து. 410 முதல் 450 கிராம் எடையுள்ள அந்தத் தோற்பந்து, மழையில் நனைந்துவிட்டாலோ கல்லேதான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது அதனினும் சிறிய நான்காம் அளவு என்று அவர் அறிந்துகொள்ள ஓராண்டாயிற்று. அந்தக் கனத்த பந்தைத் தலையால் முட்டவும் பழக்கினார். (தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியின்போது தலையால் முட்டக் கற்பிக்கலாகாது என்று 2020-இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அறிவுறுத்திய செய்தியைப் படித்த அன்று, ஓய்வு பெற்றுவிட்ட அம்மனிதர் நெடுநேரம் பேசாதிருந்தார்.)

அவருடைய குழுவில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். வகுப்பறையில் அவன் இருப்பதே தெரியாது. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், முதற் சொல்லிலேயே நா தடுமாறும், மற்றப் பிள்ளைகள் சிரிப்பர், அவன் உட்கார்ந்துவிடுவான். 'மந்தம்' என்னும் ஒரே சொல்லில் பள்ளி அவனைக் கணித்து முடித்திருந்தது. அந்தக் கணிப்பில் ஆசிரியருக்கும் பங்குண்டு.

திடலிலோ அவன் வேறொருவன். பந்து எங்கே இருக்கிறது என்று ஏனையோர் பார்ப்பர். எங்கே வரப்போகிறது என்று அவன் பார்ப்பான். எல்லாரும் ஈக்களைப்போல் பந்தை மொய்த்துக் கிடக்கையில், அவன் மட்டும் பத்தடி விலகி வெற்றிடத்தில் நிற்பான். சற்று நேரத்தில் பந்து அவன் காலடிக்கே வந்து சேரும். "டேய், நீ அந்தப் பக்கம் போ, அவன் உன்கிட்டத்தான் உதைப்பான்" என்று தன்னினும் மூத்தவர்களை அவன் ஏவும்போது ஒரு சொல்லும் தடுமாறியதில்லை. ஆசிரியர் இதையெல்லாம் கண்டார். ஆனால், ஆட்டத் திறன் என்ற அளவிலேயே கண்டார்.

மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் அவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். மூன்றாம் முறை. படிப்பே முதன்மை என்பதை உணர்த்த எண்ணிய ஆசிரியர், அவன் பெயரைக் குழுவிலிருந்து நீக்கினார். நல்லெண்ணத்தில் இழைக்கப்படும் பிழைகள்தாம் எத்தனை! குழு 4-0 எனத் தோற்றது. அந்தத் தோல்வி பெரிதன்று. அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

நான்காம் நாள் மாலை ஆசிரியர் லயத்துக்குப் போனார். பால்மரம் வெட்டி ஓய்ந்த உடம்போடு அவன் தாய் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். முந்தானையால் பலகையைத் துடைத்து அவரை உட்காரச் சொன்னாள்.

"உங்க மேல அவனுக்குக் கோபம் இல்லீங்க வாத்தியாரையா. எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதாம்மா, அதையும் எடுத்துக்கிட்டாருன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டான்."

ஆசிரியரால் மறுமொழி கூற இயலவில்லை. கொடுத்த தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் தாமே போய் அவனை அழைத்து வந்தார். அன்று முதல், மாலைதோறும் ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலைத் திடலில் உரக்க வாசிப்பது அவன் வேலையாயிற்று. எல்லாம் அவன் நன்கறிந்த பெயர்கள். அவற்றை எழுத்தில் அடையாளம் காண அவன் அஞ்சவில்லை. பெயருக்குப் பின் இடம். இடத்துக்குப் பின், முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. மரக்குச்சியால் மண்ணில் கோடிட்டு அவன் விளக்குவான். ஆசிரியர் அதை எழுதித் தருவார். மறுநாள் அவனே வாசிப்பான். ஆறாம் வகுப்பு முடிவதற்குள் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தைத் திக்கித் திக்கியேனும் படித்தான். தேர்வில் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்குழு கேடயம் எதையும் வென்றதுமில்லை. ஆனால், வகுப்பில் எவனையேனும் 'மந்தம்' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஆசிரியருக்கு அந்த லயத்து வாசல் நினைவுக்கு வந்தது. பணி ஓய்வு வரையில் அச்சொல் அவர் நாவில் மீண்டும் வரவில்லை.

1957-இல் 800-க்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல் என்றாகிவிட்டன. அந்தத் தோட்டமும் துண்டாடப்பட்டது. திடல் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் போயினர்.

அவன் இப்போது லோரி ஓட்டுகிறான். ஞாயிறு காலைகளில் தான் குடியிருக்கும் தாமானின் திடலில் பிள்ளைகளுக்குக் காற்பந்து பழக்குகிறான். நான்காம் அளவுப் பந்துதான். ஒரு ஞாயிறன்று ஆசிரியரைத் தன் காரில் அழைத்து வந்து, நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"ஐயா, அந்தச் சிவப்புச் சட்டைப் பையனைக் கொஞ்சம் பாருங்க. ஓடவும் மாட்டேங்கிறான், உதைக்கவும் மாட்டேங்கிறான். எங்க நிறுத்துறதுன்னே தெரியல."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சிறுவன் கூட்டத்தை விட்டு விலகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்பா," என்றார் அவர். "அடுத்த ஞாயிறும் என்னைக் கூட்டிவா."