குளிக்கும் இடத்தில் கேமரா எதற்கு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இனி ஆகஸ்ட் வரை நம் முகநூல் முழுக்கப் பேரருவியும் ஐந்தருவியும்தான். கேமரா வைத்திருக்கும் தென்காசி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை.

காசி விசுவநாதர் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவும், அருவிக்கரையில் ஈரத்தோடு தலை துவட்டும் அக்காவும் ஒன்றா? முன்னவர் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து தொழில் செய்கிறார். கேட்டால், "எடுத்துக்கோங்க தம்பி" என்றுகூடச் சொல்லலாம். பின்னவர் குளிக்க வந்தவர். பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் எதற்காம்?

சட்டம் ஓரளவுதான் துணைக்கு வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்கப் பகுதிகளை அனுமதியின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றம் என்கிறது. 3 ஆண்டு வரை சிறை. நனைந்த சேலையில் சிரிக்கும் முகத்தைப் பற்றி அது பேசுவதில்லை. மிச்சத்தை நம் மரியாதைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கேட்டுட்டு எடுத்தா இயல்பு போயிடுமே" என்பீர்கள். சரி, தெருவில் எடுத்துவிட்டுக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னேயே அழித்துவிடுங்கள். அருவிக்கரையில் அந்தச் சலுகையும் கிடையாது. அங்கே தண்ணீரை எடுங்கள், பாறையை எடுங்கள், குரங்கை எடுங்கள். ஆட்களை நிம்மதியாகக் குளிக்க விடுங்கள்.