ஊருக்குள் ஒரு டிரெஸ், மலைப்பாதையில் ஒரு டிரெஸ்!

பைக்கின் பின்சீட்டில் இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, பத்து கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கும். முகம் நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக முதுகு முறுக்கிக்கொண்டிருக்கும். இறங்கியதும் ‘அப்பாடா’ என்று இடுப்பில் கை வைக்காத பெண்கள் குறைவு.

இப்போது அந்த பைக்கை எடுத்துவிட்டு ஒரு குதிரையை வையுங்கள். தார் ரோடு வேண்டாம், கல்லும் பள்ளமுமான மலைப்பாதை. தூரமும் பத்து கிலோமீட்டர் இல்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரை.

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘நல்ல குடும்பத்துப் பெண்’ குதிரையில் போவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட முறை இதுதான். இதற்கென்றே ‘சைடு சாடில்’ என்று தனிச் சேணம் இருந்தது. இரண்டு கால்களும் குதிரையின் இடதுபக்கம்தான் இருக்கும். வலது தொடையைச் சேணத்தில் உள்ள கொம்பு போன்ற ஒரு பிடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே தரையைத் தொடும் நீளப் பாவாடை. குதிரை இடறி விழுந்தால், அந்தப் பாவாடை சேணத்தில் சிக்கி, பெண்ணும் கூடவே இழுத்துச் செல்லப்படும் ஆபத்தும் இருந்தது.

இந்த முறையில் உட்கார முடியாமல் தவித்த ஒரு பெண்ணின் கதை, இன்று முதன்முதலாகக் குதிரையில் ஏறப்போகும் எல்லாப் பெண்களுக்கும் உதவும்.

முதுகுவலியோடு கிளம்பியவர்

அவர் பெயர் இஸபெல்லா பேர்ட். 1831-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். உயரம் ஐந்து அடிகூட இல்லை. சிறுவயதிலிருந்தே முதுகுத் தண்டில் பிரச்னை. 18 வயதில் முதுகுத் தண்டின் அருகே இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதன் பிறகும் வலி விட்டபாடில்லை. வீட்டில் இருந்தால் சோபாவே கதி. ‘கடல் பயணம் போனால் உடம்பு தேறும்’ என்று டாக்டர்கள் சொல்ல, அப்படித்தான் அவர் வெளிநாடுகளுக்குப் போக ஆரம்பித்தார்.

1873 ஜனவரியில், 41 வயதில், ஹவாய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சைடு சாடிலில் உட்கார்ந்து குதிரையில் போனபோது வலி தாங்க முடியவில்லை. ஆனால், அவரைச் சுற்றியிருந்த ஹவாய் பெண்கள் ஒரு கவலையும் இல்லாமல், ஆண்களைப் போலவே இரண்டு பக்கமும் கால் போட்டு, மலையிலும் சேற்றிலும் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் உடுத்தியிருந்தது ‘பாவு’ என்ற நீளத் துணி. சுமார் 12 கஜம் வரைக்கும் வரும். நம் ஊர் மடிசார் 9 கஜம் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அதை உடம்பில் சுற்றி, கால்கள் இரண்டும் தனித்தனியாக இயங்கும்படி கட்டிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் நல்ல உடுப்பில் சேறும் புழுதியும் படாமல் அது காப்பாற்றும். இன்றைக்கும் ஹவாயில் திருவிழா ஊர்வலங்களில் பெண்கள் பூமாலைகளோடு பாவு கட்டிக் குதிரையில் வருவதைப் பார்க்கலாம்.

இஸபெல்லாவும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முதுகு பிழைத்தது. அதற்கு ஏற்ற மாதிரி ஓர் உடையும் தைத்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்காத ஜாக்கெட், கணுக்கால் வரை ஒரு பாவாடை, அதற்குள் தொளதொளவென்ற துருக்கி பேன்ட். பேன்ட்டின் கீழ்நுனி சுருக்கங்களாக பூட்ஸ் மேல் விழும்.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்குப் போனார். ‘பேர்டி’ என்ற சிறிய குதிரையில், பெரும்பாலும் தனியாக, பனியிலும் காட்டிலும் நூற்றுக்கணக்கான மைல்கள் சுற்றினார். சோபாவில் படுத்துக் கிடந்த அதே பெண்தான் இவர். முதுகு முழுசாகக் குணமாகிவிடவில்லை. உட்காரும் விதத்தையும் உடுத்தும் விதத்தையும் முதுகுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

டென்வரில் ஒரு வலி

இவ்வளவு துணிச்சலான பெண் ஊர் எல்லை வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? மலைப்பாதையில் இரண்டு பக்கமும் கால் போட்டு வந்தவர், டென்வர் போன்ற ஊருக்குள் மட்டும் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டார். பார்ப்பவர்கள் ஏதாவது சொல்வார்களே!

டென்வரிலிருந்து கிளம்பும்போது, ஊரைத் தாண்டும் வரை அப்படி உட்கார்ந்ததிலேயே முதுகில் கடுமையான வலி வந்துவிட்டது. ஊரைத் தாண்டியதும் நேராக உட்கார்ந்தார். ஆனாலும், வலி உடனே போகவில்லை. இதை அவரே தங்கைக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதங்கள்தான் 1879-ல், ராக்கி மலைகளில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகமாக வந்தன.

புத்தகம் வந்ததும் லண்டனின் ‘டைம்ஸ்’ பத்திரிகை, அவர் ஆண்களின் உடை அணிந்ததாக எழுதியது. இஸபெல்லாவுக்கு வந்ததே கோபம்! ‘எனக்காகக் கேட்க அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. நீங்கள்தான் அந்த நிருபரைச் சாட்டையால் அடிக்க வேண்டும்’ என்கிற ரீதியில் பதிப்பாளர் ஜான் மரேயிடம் கேட்டதாக அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சாட்டையடி நடக்கவில்லை. அடுத்த பதிப்பில் தன் உடை எப்படிப்பட்டது என்று பாவாடை, பேன்ட், ஜாக்கெட் என ஒவ்வொன்றாக விளக்கி, ‘இது பெண்களுக்கான உடைதான், கரடுமுரடான பயணத்துக்கு ஏற்றது’ என்று ஒரு குறிப்பு சேர்த்தார்.

மலை ஏறி இறங்கியதை விட, என்ன உடுத்தினார் என்பதற்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிற்பாடு 1892-ல், லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தபோது, அந்த முதல் வரிசையில் இடம்பெற்றவரும் இவர்தான்.

வலிப்பது குதிரையா, ஜீன்ஸா?

இஸபெல்லா சுற்றிய எஸ்டஸ் பார்க் பகுதியில் இன்றும் வழிகாட்டியோடு குதிரைச் சவாரி போகலாம். சைடு சாடில் கட்டாயம் இல்லை. என்ன உடுத்தினாலும் யாரும் பத்திரிகையில் எழுதப்போவதும் இல்லை. ஆனாலும், முதல் சவாரி முடிந்து இறங்கும் பல பெண்கள், ‘நமக்கெல்லாம் இது ஒத்துவராதுப்பா’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொடை உரசிப் புண்ணாகியிருக்கும். கெண்டைக்கால் கன்றியிருக்கும். வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது என்று பழியை உடம்பின் மேல் போடுகிறார்கள். பல நேரம் குற்றவாளி, போட்டோவுக்காகப் போட்டுக்கொண்ட உடையாக இருக்கும்.

உதாரணமாக, ஜீன்ஸ். அதன் உள்பக்கத் தையல் கனமானது. நடக்கும்போது அது தெரியாது. சேணத்தின் மேல் தொடை அழுந்தி, குதிரையின் ஒவ்வோர் அடிக்கும் உரசும்போது, இரண்டு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். அதனால் உள்பக்கம் தையல் தட்டையாக இருக்கும், கொஞ்சம் இழுபடும் துணியாகப் பார்க்க வேண்டும். குதிரைச் சவாரிக்கென்றே விற்கும் பேன்ட்களில் முழங்காலின் உள்பக்கம் தனியாக ஒரு துணி வைத்துத் தைத்திருப்பது இதற்காகத்தான். ஒருமுறை போவதற்காக அதை வாங்க வேண்டாம் என்றால், தடிமனான, கணுக்கால் வரை வரும் லெக்கிங்ஸ் போதும். வழுவழுப்பான ட்ராக் பேன்ட் வேண்டாம், சேணத்தில் வழுக்கும். முக்கால் பேன்ட்டும் வேண்டாம். கால் வைக்கும் வளையத்தைத் தாங்கும் தோல்வார், திறந்திருக்கும் கெண்டைக்காலைக் கிள்ளி எடுத்துவிடும்.

உள்ளாடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் பாதி அவஸ்தை அங்கேதான். ஓரத்தில் லேஸ், தடித்த எலாஸ்டிக் உள்ளவற்றைத் தவிர்த்து, தையல் இல்லாத, தொடை வரை வரும் வகையை அணிவது நல்லது. குதிரை ஓட்டமும் நடையுமாகப் போகும்போது உடம்பு நன்றாகக் குலுங்கும் என்பதால், ஸ்போர்ட்ஸ் ப்ரா எந்த வயதுக்கும் அவசியம். மாதவிடாய் நாள் என்றால் புதிய வகை நாப்கினை அன்றைக்குப் பரிசோதிக்க வேண்டாம். பழகியதே போதும்.

உயிர் காக்கும் ஒரு அங்குலம்

எஸ்டஸ் பார்க்கிலிருந்து 14,000 அடிக்கு மேல் உயரமான லாங்ஸ் பீக் சிகரத்துக்கு ஏறியபோது, இஸபெல்லாவின் கால்களில் இருந்தது ஓர் ஆணிடம் கடன் வாங்கிய பெரிய பூட்ஸ். அதோடு மேலே ஏறவே முடியாது என்ற நிலை. வழியில் யாரோ ஒரு பாறைக்கடியில் விட்டுப்போயிருந்த சின்ன ஷூ உறைகள் கிடைத்ததால்தான் அன்றைக்குத் தப்பித்தார். ஷூ விஷயத்தில் அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது.

குதிரைச் சவாரிக்கு ஏற்ற ஷூவில் சுமார் ஓர் அங்குலம் ஹீல் இருக்கும், கணுக்காலை மூடியிருக்கும். இது அழகுக்காக இல்லை. ஹீல் இல்லாத ஷூ, கால் வளையத்துக்குள் முழுசாக நுழைந்துவிடலாம். அந்த நேரத்தில் கீழே விழுந்தால் கால் சிக்கிக்கொள்ளும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள மலையேற்ற ஷூவும் அதே மாதிரி வளையத்தில் மாட்டிக்கொள்ளும். செருப்பு, சாண்டல் கூடவே கூடாது.

தலைக்குக் குதிரைச் சவாரிக்கான ஹெல்மெட்தான் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் வேறு மாதிரி விழுவதை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பெரும்பாலான இடங்களில் ஹெல்மெட் கேட்டால் தருவார்கள், அவர்கள் தராவிட்டாலும் நீங்களாகக் கேளுங்கள். உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, பின்னலைத் தாழ்வாகப் போட்டுக்கொள்ளலாம்.

துப்பட்டா, ஸ்கார்ஃப் வேண்டாம். கிளையில் மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து, காற்றில் படபடத்தால் குதிரை மிரளும். வளையம் போன்ற கம்மலைக் கழற்றிவிட்டு, தாலிச் செயினைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் கழற்றிவிட்டால், கடிவாளம் பிடிக்கும் கை தப்பிக்கும்.

மலையில் வெயில், மழை, குளிர் மூன்றும் ஒரே நாளில் வரும். எஸ்டஸ் பார்க் ஏறக்குறைய 7,500 அடி உயரத்தில் இருக்கிறது. கோடையில் மத்தியானத்துக்கு மேல் அங்கே இடியோடு மழை வருவது சகஜம். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உடம்பைக் குளிரவைத்துவிடும். சீக்கிரம் காயும் முழுக்கைச் சட்டை, அதன் மேல் முன்பக்கம் ஜிப் வைத்த ஜாக்கெட் என்று அடுக்கிக்கொள்வது நல்லது. குதிரை மேல் இருந்தபடியே தலை வழியாக ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். அந்தச் சில நொடிகளில் கண் மூடியிருக்கும், கைகள் மாட்டியிருக்கும், கடிவாளம் கையில் இருக்காது. வழிகாட்டியிடம் சொல்லி, நிறுத்திவிட்டுக் கழற்றலாம்.

போனைச் சேணத்தில் தொங்கும் பையில் வைக்காமல், ஜிப் வைத்த பாக்கெட்டிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீழே விழுந்து குதிரை மட்டும் ஓடிவிட்டால், உதவிக்குக் கூப்பிட போன் உங்களிடம்தானே இருக்க வேண்டும்?

சோபா டெஸ்ட்!

கிளம்புவதற்கு முந்தைய நாள், எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டு வீட்டு சோபாவின் கைப்பிடி மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். எழுந்து நின்று, காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். ஒருமுறை குத்தவைத்து எழுந்திருங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே குத்துகிறது, எங்கே இறங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அம்மாவோ அத்தையோ கூட வருகிறார்கள் என்றால், அவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

டென்வரில் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்ச நேரம் ஒருபக்கமாக உட்கார்ந்ததற்கு, ஊரைத் தாண்டிய பிறகும் இஸபெல்லாவின் முதுகு வலித்துக்கொண்டிருந்தது. டென்வரில் அன்றைக்கு அவரைப் பார்த்தவர்கள், அடுத்த தெரு திரும்புவதற்குள் அவரை மறந்திருப்பார்கள்.