விழாப் புத்தாடையும் கறுப்புக் கம்பளியும்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணி எடுக்கும் நாள்கள் நெருங்கியதும், ஓசூர்ப் பக்கத்து இல்லங்களில் ஆண்டு தவறாமல் ஒரு வழக்கு எழும். வாதி பிள்ளைகள், பிரதிவாதி தாய். நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் வேளையில், புதிய பாவாடை சட்டையின்மேல் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளுமாறு தாய் கட்டளையிடுவாள். "அப்படியானால் புதுச் சட்டை எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண எங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையும் நல்லபடியாக வந்து சேரவில்லை.

சமவெளியில் வாழும் வாசக அன்பர்களுக்கு இந்த வழக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறி, சூளகிரியைத் தாண்டி வருவதற்குள் பயணிகள் ஒவ்வொருவராகச் சன்னலை மூடிக்கொள்வதை மார்கழி மாலைகளில் காணலாம். இன்னும் தெற்கே தளிப் பகுதியை வெள்ளையர்கள் தங்கள் நாட்டுக் குளிருக்கு ஒப்பிட்டுச் 'சின்ன இங்கிலாந்து' என்றே அழைத்தார்கள். திசம்பர் இரவில் 15 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும் குளிரில், வாசல்வரை கூட்டம் நிரம்பி வழியும் ஆலயத்தில், கதவோரம் நின்று திருப்பலி காண்பவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

நாங்கள் நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து 1986-ஆம் ஆண்டு இங்கு வந்தவர்கள். அக்காலத்தில் இப்பகுதி தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. எங்களில் ஒருவர் ஆலைக்குச் செல்ல, மற்றவர் கையோடு கொண்டுவந்த தையற்பொறியில் அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடந்தது. உடன் இரண்டு பெண் குழந்தைகளும், எங்கள் தாயாரும்.

கடற்கரைக்காரர்களுக்குக் குளிரைப்பற்றி என்ன தெரியும்? முதல் ஆண்டு விழாவுக்குக் கையிலிருந்த பணத்தையெல்லாம் திரட்டி, மூத்தவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் பச்சைக் கரையிட்ட பட்டுப்பாவாடை எடுத்தோம். மெல்லிய பருத்தியில் பஃப் கை வைத்துச் சட்டை தைத்தோம். வானவர் கீதம் முடிவதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. மறையுரையின் நடுவே எழுந்து வெளியே வந்தோம். அவ்வாண்டு நாங்கள் குடிலைக்கூடக் காணவில்லை.

அடுத்த வாரமே எங்கள் தாயார் சந்தைக்குப் போய் ஒரு கறுப்புக் கம்பளி வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் இரண்டு வார அரிசிக்கு ஆகும் பணம் அதற்குப் போயிற்று. கறுப்பு ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, கையால் நூற்று, குழித்தறியில் நெய்வது இப்பகுதியில் ஆடு மேய்க்கும் குறும்பர் சமூகத்தாரின் பழந்தொழில். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றுவார்கள். புளிக்குப் பெயர்போன இம்மாவட்டத்தில் அந்தக் கொட்டைக்கா பஞ்சம்! சாயம் கிடையாது, ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம். புதிதில் பலகைபோல் விறைத்து நிற்கும். கன்னத்தில் பட்டால் குத்தும். மழைத்துளி விழுந்தால் உடனே உள்ளிறங்காமல் உருண்டோடும். வாசனையைப்பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை.

இரண்டு பட்டைகளாக நெய்து நடுவில் சேர்த்துத் தைத்த அந்தக் கம்பளியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு எங்கள் தாயார் ஆலயத்துக்கு வருவார். பேத்திகள் பத்தடி முன்னால் நடப்பார்கள், அந்தப் பாட்டி யாரோ என்பதுபோல. அதைக் கண்டும் காணாததுபோல் இருந்த எங்களுக்கும் அந்த வெட்கத்தில் பங்குண்டு. ஆலைக் குடியிருப்பில் எல்லாரும் நிறம் நிறமாய் உடுத்திவரும் நாளில், நம் வீட்டு மூதாட்டி ஆட்டிடையன்போல் வருகிறாரே என்று எண்ணினோம். பெத்லகேம் வயல்வெளியில் முதலில் செய்தி பெற்றவர்கள் யார் என்பது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

நிறங்கள் எங்களுக்குப் பெங்களூரிலிருந்து வந்தன. நாற்பது கிலோமீட்டர்தானே! குளிர்காலம் தொடங்கியதும் திபெத்திய அகதிக் குடும்பத்தினர் நடைபாதையில் ஸ்வெட்டர்க் கடை விரிப்பது நாட்டின் பல நகரங்களில் காணும் காட்சி. கருநாடகத்தில் பைலகுப்பே முதலிய இடங்களில் 1960-களிலிருந்து குடியேறியவர்கள் அவர்கள். விற்கும் ஆடைகளோ பெரும்பாலும் பஞ்சாபின் லூதியானாவில் பின்னப்பட்டவை. கிளிப்பச்சை, மயில்நீலம், குங்குமச் சிவப்பு, கடுகு மஞ்சள் என்று அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே குளிர் பாதி போய்விடும். விலையும் எங்களுக்கு எட்டியது. வழக்கு ஒருவாறு தீர்ந்தது என்றே நம்பினோம்: மேலே போர்த்துவதே அழகாக இருந்துவிட்டால், உள்ளே இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

1991-ஆம் ஆண்டு. இளையவளுக்கு வயது ஏழு. அவள் ஆசைப்பட்டபடி, சிவப்பும் வெள்ளையும் கலந்து, ஓரமெங்கும் நீண்ட குஞ்சம் தொங்கும் சால்வை ஒன்று ஒரு கடையில் வாங்கினோம். கம்பளி என்று நாங்களே எண்ணிக்கொண்டோம்; அது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. திருப்பலி முடிந்து, பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தமிட வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. குடிலின் முன்னே தரையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. குழந்தை குனிந்தாள். குஞ்சம் சுடரைத் தொட்டது.

பஞ்சில் பிடிப்பதுபோலத் தீப் பிடித்தது. எரிந்த இழை உருகிச் சொட்டியது. ஒரு துளி அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருவரும் இரண்டடி தூரத்தில் கல்லாய் நின்றோம். அதை இன்றும் மறைக்க விரும்பவில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற எங்கள் தாயார் தம் கம்பளியை உதறி, குழந்தையைத் தலை மட்டும் வெளியே தெரியுமாறு சுருட்டி, தரையில் கிடத்தி இறுகத் தழுவிக்கொண்டார். தீ அடங்கிவிட்டது. கம்பளியில் உள்ளங்கை அளவு கருகலும், முடி பொசுங்கும் நாற்றமும் மட்டும் மிஞ்சின. மகளின் மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு இன்றும் உண்டு.

இதற்கெல்லாம் காரணத்தைப் பின்னரே கேட்டறிந்தோம். ஆட்டுமயிரும் பட்டும் உயிரினங்களிலிருந்து கிடைப்பவை. நம் தலைமுடியைப்போலப் பொசுங்கும், எளிதில் சுடர்விட்டு எரியா. தீயை அகற்றினால் பெரும்பாலும் தாமே அணைந்துவிடும். அக்ரிலிக்கோ எளிதில் பற்றி, உருகி, தோலில் ஒட்டும். வாங்கிய துணி எதுவென்று அறிய வேண்டுமானால், ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, தட்டின்மேல் கொளுத்திப் பார்க்கலாம். முடி நாற்றத்துடன், நசுக்கினால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. கடினமான மணிபோல் உருண்டு நின்றால் செயற்கை இழை. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். குடிலில் பனிக்காகப் பரப்பும் பஞ்சும், கிறிஸ்மஸ் தாத்தாவின் பஞ்சுத் தாடியும் இதே அளவு ஆபத்தானவை. தப்பித்தவறிச் சுட்டுவிட்டால், ஒட்டியதைப் பிய்க்காமல், பற்பசை, மை எதையும் தடவாமல், இருபது நிமிடம் குளிர்ந்த குழாய் நீரைக் காட்டி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அன்று எங்களுக்கு இது தெரியாது. யாரோ கொடுத்த பற்பசையைத்தான் தடவினோம்.

அதற்காக நிறங்களை வெறுத்துவிட்டோமா? இல்லை. விழா நாளில் கறுப்பையும் சாம்பலையும் உடுத்திக்கொண்டு நிற்பதில் எங்களுக்கு உடன்பாடு கிடையாது. தேர்ந்தெடுக்கும் முறைதான் மாறிற்று. குளிராடையை விழா ஆடையின்மேல் போடும் மூடியாகக் கருதாமல், அதையே விழா ஆடையாக முதலில் எடுப்பது. சேலையும் சட்டையும் அதற்கு ஏற்றவாறு அமைவது. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று குருவானவர் ஊதாவை விட்டு ரோசா நிறத் திருவுடையில் வருவாரல்லவா, அந்த வாரந்தான் எங்கள் வீட்டில் துணி எடுக்கும் வாரம். அந்த நிறத்தின்மேல் எங்களில் ஒருவருக்குத் தீராத மோகம். கடையில் கேட்டால் 'பேபி பிங்க்' என்பார்கள், அதுவன்று. ஓசூர்ப் பசுமைக் குடில்களில் விரியும் ரோசாவின் வாடாத இதழ் நிறம் அது.

சேலை உடுத்தும் பெண்களுக்கு எங்கள் தையற்பொறியின் பரிந்துரை, முழுக்கைச் சட்டை. கம்பளி கலந்த துணியில் மெல்லிய பருத்தி உள்துணி கொடுத்துத் தைத்தால் ஸ்வெட்டரே வேண்டாம். சேலையின் தலைப்பும் மடிப்பும் மறையா. பட்டே குளிருக்கு நல்லது. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கங்களில் மல்பெரி வளர்த்துப் பட்டுப்புழு பேணும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. நம் மண்ணில் விளையும் இழைதானே! ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டுவோர் இடுப்பளவில் நிற்கும் பொத்தான் வைத்ததை, சேலைக் கரையின் நிறத்தில் எடுங்கள். உடல் நிறத்தில் வேண்டாம். கடுகு மஞ்சள் இரவு விளக்கில் சுடர்விடும். கருநீலமும் ஊதாவும் கறுப்பாய்த் தோன்றிக் காசை வீணாக்கும்.

ஆண்களுக்கு ஒரே சொல்: குரங்குக் குல்லா அணிந்து நற்கருணை வாங்க வராதீர்கள். கதர்க் கடையில் கிடைக்கும் கையில்லாக் கோட்டு முழுக்கைச் சட்டையின்மேல் எடுப்பாக இருக்கும். இளைஞர்கள் அணியும் தொப்பி வைத்த ஹூடியைக் கிழவர்கள் ஏளனம் செய்கிறார்கள், நாங்கள் செய்யமாட்டோம். காதையும் கழுத்தையும் அதுபோல் காப்பது வேறெதுவும் இல்லை. மேடைதோறும் தோளில் விழும் பொன்னாடைகளைப் பெட்டியில் குவித்து வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: அவை குளிருக்கு ஆகா, தீக்கும் ஆகா.

வசதியுள்ளவர்கள் நீலகிரித் தோடர்களின் பூத்துணிச் சால்வையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாய்க் கையால் வேலை செய்தது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது ஆலை வேலைக்காக ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்துள்ளவர்களும் நம்மோடு திருப்பலியில் நிற்கிறார்கள். சோட்டா நாகபுரிப் பழங்குடிப் பெண்கள் விழா நாளில் வெண்சேலையில் சிவப்புக் கரையிட்டு உடுத்துவது மரபு. அந்த இரண்டே நிறத்தில் எவ்வளவு நிறைவு!

உண்மைக் கம்பளியை வெந்நீரில் முக்கினால் சுருங்கும். கொடியில் தொங்கவிட்டால் நீளும். பாயில் பரப்பி நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலை இட்டு மடித்து வைத்தால் பூச்சி அண்டாமல் பல்லாண்டு வரும். எங்கள் தாயாரின் கம்பளி அப்படித்தான் வந்திருக்கிறது. அவர் 2003-ல் இறைவனடி சேர்ந்தார். இறுதி நாள்களில் அதைத் தவிர வேறெதையும் போர்த்தவிடவில்லை.

இவ்வாண்டு, பத்தடி முன்னால் நடந்த அந்தப் பேத்திகள் இருவருமே அதைக் கேட்கிறார்கள். மூத்தவள் தன் மகனுக்குக் கோட்டுத் தைக்க வேண்டும் என்கிறாள். தழும்புள்ளவளோ, "யாரும் கத்தரி வைக்கக்கூடாது" என்கிறாள். முன்னாள் வாதிகளுக்கிடையே இப்போது புதிய வழக்கு. சென்ற வாரம் கம்பளியை மேசைமேல் விரித்துப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. இரண்டு பட்டைகளைச் சேர்த்த நடுத்தையலைப் பிரித்தால் போதும்; இழை ஒன்றும் அறாமல் இரண்டு சால்வைகள் ஆகிவிடும். கோட்டு இல்லை, சால்வை என்று மூத்தவளையும் இணங்கவைத்தோம். பிரித்த ஓரத்துக்கு அந்த ரோசா நிறத்தில் பட்டுக் கரை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறோம். கருகிய இடம் இளையவளின் பங்கில் விழுந்திருக்கிறது. அதை ஒட்டுப்போட்டு மறைக்கட்டுமா என்று தொலைபேசியில் கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டாள்.