யாருக்காக இந்த இதழ்?

தொண்ணூறுகளில் நாங்கள் ஐந்தாறு நூலகர்கள் சேர்ந்து, நூலகத்தில் கணினிப் பயன்பாடு பற்றி ஒரு காலாண்டிதழ் கொண்டுவர நினைத்தோம். யாருக்காக என்பதிலேயே மூன்று கூட்டம் ஓடிவிட்டது. பெரியவர்கள் ஆய்வுக் கட்டுரை கேட்டார்கள். நானோ, யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சிடிஎஸ்/ஐசிஸ் மென்பொருளில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தவன். ழகரத்துக்கு 'இசட்-எச்' போடுவதா, 'எல்' போடுவதா? ஆளுக்கொரு விதமாகப் போட்டால் அலமாரியில் இருக்கும் புத்தகமே அகப்படாது. இதற்கு வழி சொல்லும் இதழ் வேண்டும் என்றேன். எடுபடவில்லை. (காபி மட்டும் நன்றாக இருந்தது.) இதழும் வரவில்லை.

2007 டிசம்பரில் 'கோட்ஃபோர்லிப் ஜர்னல்' இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. நூலகத்தில் கணினி வேலை பார்ப்பவர்கள், செய்து பார்த்ததை நிரலோடு அதில் எழுதுகிறார்கள். ஓய்வுக்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது. அன்று இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசியிருக்கலாம்.